மருந்து எடுக்காத வீடு

கணபதியில் ஓடு வேய்ந்த அந்தச் சபையில், ஜமக்காளத்தில் என்னோடு சம்மணம் போட்டு வளர்ந்தவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேராவது இருப்பீர்கள். ஆளாளுக்கு அறுபது தாண்டிவிட்டது. முழங்காலில் நிற்கச் சொன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடுகிற வயது. என்னை உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வலிப்பு நின்ற பிள்ளை. அந்தப் பட்டத்தோடுதான் நான் பெரியவளானேன். அதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. கோபமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வலிப்பு எனக்கு ஏழு வயதில் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் டிரில் பீரியட். கையை மேலே தூக்கியது வரை நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, வெயிலை மறைத்துக்கொண்டு என் மேல் குனிந்திருந்த முகங்கள். யாரோ என் கைக்குள் சைக்கிள் சாவியைத் திணித்திருந்தார்கள். கடித்துக்கொண்ட நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது. பாவாடை நனைந்திருந்தது. எனக்கு நேர் மேலே நின்ற என் பெஞ்சுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

வலிப்பு வந்தவருக்கு வலிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது அடுத்தவர்கள் பார்க்கிற காட்சி. நான் பயந்ததெல்லாம் கண் விழிக்கிற அந்த நிமிஷத்துக்குத்தான். மறுபடியும் அந்த முகங்கள் தெரியுமே என்று. ஸ்டவ் பக்கம் போக மாட்டேன், தண்ணீர்த் தொட்டி பக்கம் போக மாட்டேன், சத்தி ரோட்டைத் தாண்டச் சொன்னால் நட்ட நடு ரோட்டில் நின்று அழுவேன். இரண்டு மாதம் பள்ளிக்கூடமே போகவில்லை. அம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் போகிற இடத்துக்கெல்லாம் போனேன்.

அப்பா பீளமேட்டில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். தொழிலாளிகளுக்கென்று இருந்த மில் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளைக் கொடுத்தார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. வருஷக்கணக்கில் விடாமல் போட வேண்டும் என்றார். அந்தச் சமயம் பார்த்துத்தான் அப்பாவோடு வேலை செய்த ஒருவர் எங்களைச் சபைக்குக் கூட்டிப் போனார்.

நம் சபையின் சட்டம் உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது மருந்து எடுக்காத சபை. தலைவலித் தைலம்கூட வீட்டில் இருக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் போதகர் வந்து தலையில் எண்ணெய் தடவி ஜெபிப்பார். மருந்து எடுத்தவர்கள், அப்பமும் திராட்சரசமும் தருகிற திருவிருந்துக்குக் கை நீட்டக் கூடாது. வீட்டில் ஒருத்தர் மருந்தெடுத்தால் தெருவுக்கே தெரியும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். சபையில் சேர்ந்த மூன்றாவது வாரமே அப்பா எழுந்து நின்று, "மாத்திரை, தைலம் எல்லாத்தையும் சாக்கடையில கொட்டிப்போட்டனுங்க" என்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அம்மா முக்காட்டுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

இப்போது ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என் பயத்தைப் போக்கியது அந்தச் சபைதான். போதகர் என்னைத் தனியாக உட்கார வைத்து, "கண்ணு, நீ முழிக்கறப்ப மொதல்ல பாக்கற மூஞ்சி மனுசங்களுதுன்னு நெனச்சாத்தான் பயம். அவங்களுக்கும் முன்னால ஆண்டவர் அங்க நிக்கறாரு. அவரையப் பாரு" என்றார். இதை வேறு யார் எனக்குச் சொன்னார்கள்? டாக்டர் சொல்லவில்லை, டீச்சர் சொல்லவில்லை. நான் நெஞ்சில் கையை வைத்து 'நீர் இருக்கிறீர், நீர் இருக்கிறீர்' என்று சொல்லிக்கொண்டே ஒரு திங்கட்கிழமை தனியாகச் சத்தி ரோட்டைத் தாண்டினேன். லாரி டிரைவர் ஹாரன் அடித்துத் திட்டினான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பள்ளிக்கூடத்துக்குப் போய் அதே பெஞ்சுக்காரி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வலிப்பு வரவில்லை. ஒரு மாதம், ஆறு மாதம், இரண்டு வருஷம். வரவே இல்லை.

அப்புறம் என்ன, நான் சபைக்குச் சொத்தாகிவிட்டேன். ஆராதனையில் சாட்சி நேரம் என்று உண்டல்லவா, ஆண்டவர் செய்த நன்மையை ஆளாளுக்கு எழுந்து சொல்வது. அதில் என் பெயர் தவறாது. பீளமேடு, திருப்பூர், பொள்ளாச்சி என்று ஊர் ஊராக அப்பா என்னை சைக்கிள் பாரிலும் பஸ்ஸிலும் கூட்டிப் போனார். ஜிப் போட்ட உறைக்குள் இருந்த பெரிய வேதப் புத்தகத்தை நான்தான் மடியில் வைத்திருப்பேன். அதில் தோலும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் முன்னே நடப்பார். மில்லில் பஞ்சுத் தூசியோடு கூனிக் குறுகி வேலை செய்கிற மனிதர், மேடை ஏறினால் ஒரு சாண் உயர்ந்துவிடுவார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது ஊருக்குள் நான் தேறிவிட்டேன். 'பாவாடை நனைந்திருந்தது' என்று சொல்லும்போது அக்காமார்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் அதைக் கவனித்துக்கொண்டே பேசுவேன். பத்து வயதில் எனக்கு அவ்வளவு திமிர்.

அம்மா எதற்கும் வர மாட்டாள். காலையும் சாயங்காலமும் எனக்கு ஒரு உருண்டை பிடித்துத் தருவாள், அவ்வளவுதான் அவள் பங்கு. பொட்டுக்கடலை மாவும் நாட்டுச் சர்க்கரையும் நெய்யும் போட்ட உருண்டை. "செவம் பண்ணிக் குடுக்கறேன், மென்னுட்டு இருக்காம முழுங்கிப்போடு" என்பாள். ஜெபத்தை அவள் அப்படித்தான் சொல்வாள். நடுவில் லேசாகக் கசக்கும். கடலை வறுத்தது தீய்ந்துவிட்டது என்பாள். இரண்டு வருஷமாகத் தினமும் இரண்டு வேளையும் கடலை தீயுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பல ஊர்ச் சபைகள் கூடுகிற மூன்று நாள் கன்வென்ஷன் பவானியில் வந்தது. பள்ளிக்கூடம் லீவு. கூடுதுறைக்கு அக்கரையில் பெரிய தென்னோலைப் பந்தல். அப்பாவோடு நான் போனேன். அம்மா மயில் படம் போட்ட ஒரு தகர டப்பாவில் ஆறு உருண்டைகள் வைத்துக் கொடுத்தாள். பஸ் ஏறுகிற வரைக்கும் சொன்னதையே சொன்னாள். "ஆருக்கும் குடுத்துப்போடாதே கண்ணு. காலைல ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. நீதான் திங்கோணும்."

நான் தின்னவில்லை. முதல் நாள் காலைப் பிள்ளைகள் கூட்டத்தில், தன் சாப்பாட்டை ஆண்டவர் கையில் கொடுத்துவிட்ட சிறுவனின் கதையைச் சொன்னார்கள். ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்கு ஆன கதை. எனக்குப் புல்லரித்துவிட்டது. அம்மா சொன்னதைவிட ஆண்டவர் சொன்னது பெரிதல்லவா? கூட்டம் முடிந்ததும் டப்பாவைத் திறந்து ஆறையும் ஆறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். உங்களில் இரண்டு பேர் வாங்கித் தின்றீர்கள். மத்தியானப் பிரசங்கத்தில் நீங்கள் ஆறு பேரும் ஜமக்காளத்தில் சுருண்டு கிடந்து தூங்கினீர்கள். பிரசங்கியார் உங்களைக் காட்டி, "பாருங்க, எத்தனை சமாதானம்!" என்று சொன்னது நினைவிருக்கிறதா? இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, நடுக்கமும் வருகிறது.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு என் சாட்சி. மேடையில் மைக்கை எனக்காகத் தாழ்த்தினார்கள். பாட்டுக்குக் கையில் தட்டிய தம்புருக்கள் ஓய்ந்தன. 'ஆண்டவர் எனக்குச் செய்த' என்பது வரை சொன்னேன்.

கண் விழித்தபோது முகங்கள். பள்ளிக்கூடத்தில் பத்துப் பேர் என்றால் இங்கே நூறு பேர். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். முகங்கள் மட்டும்தான் தெரிந்தன. அப்பா என் தலையை மடியில் வைத்திருந்தார். காதருகே குனிந்து, "உருண்டை தின்னயா அம்மணி?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியூர்ப் போதகர் ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "பிள்ளை ஏதோ மறைக்குது. என்ன பாவம் பண்ணிச்சுன்னு கேளுங்க பிரதர்."

அப்பா எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கூட்டத்துக்குக் கேட்கிற குரலில், "என்ன தப்புப் பண்ணினே அம்மணி? சொல்லிப்போடு" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஐந்து வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபத்தில் என்னை நடுவில் முழங்காலில் நிறுத்தினார்கள். "சொல்லு கண்ணு, சொன்னா உட்டுரும்" என்றார் நம் போதகர். அவர் கெட்டவரில்லை. என்னை மீட்கிறோம் என்றுதான் நினைத்தார். நான் என்னிடம் இருந்த பாவங்களையெல்லாம் சொன்னேன். சாக்பீஸ் எடுத்தது, டீக்கடை ரேடியோவில் சினிமாப் பாட்டு கேட்டது. போதவில்லை. பிறகு செய்யாததையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். பெஞ்சுக்காரியின் வளையலைத் திருடினேன் என்றேன். அவள் வளையலே போட்டதில்லை. அடுத்த வெள்ளிக்கு என்ன சொல்வது என்று கணக்குப் பாடத்தின்போது யோசித்துக்கொண்டிருப்பேன்.

உள்ளே இருந்த பயம் இப்போது வேறு. முகங்களுக்கு முன்னால் நிற்கிறவர் என்னை விட்டுப் போய்விட்டார் என்ற பயம். பத்து வயதில் ஒரு பிள்ளை அதைச் சுமக்கக் கூடாது. அம்மா அந்த ஐந்து வெள்ளியும் பெண்கள் வரிசையில் இருந்தாள். நான் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆறாவது வாரம், சனிக்கிழமை சாயங்காலம், பால் வாங்கப் போன நான் தூக்குப் போசியை மறந்து பாதியில் திரும்பி வந்தேன். அம்மா அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பித்தளை டம்ளரின் அடிப்பாகத்தால் அம்மி மேல் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிசைந்த மாவு. வெள்ளைப் பொடி. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அந்தக் கசப்பு எனக்குத் தெரியும்.

"இது மாத்திரைதானே?"

அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள்.

"இத்தனை நாளும் இதுவா என்னைய நிப்பாட்டுச்சு? ஆண்டவர் இல்லியா?"

"ஆண்டவர்தாங்கண்ணு. இதுவும் அவரு குடுத்ததுதானே."

"அப்ப அவங்க என்னையப் பாவம் பாவம்னு கேக்கறப்ப ஏம்மா சும்மா இருந்தே?"

அவள் கையில் இன்னும் பொடி ஒட்டியிருந்தது. என் தோளைத் தொட வந்தாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். ஓங்கித் தட்டினேன், பொடி சிதறியது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

சிதறின பொடியை உள்ளங்கையால் கூட்டி எடுத்தாள். பிறகு, "தெரியாது" என்றாள். "சபையில சொல்லிப்போடாதே கண்ணு. உன்ற காலப் புடிச்சுக் கேட்டுக்கறேன்."

அன்றைக்கு நான் எவ்வளவு ஏமாந்துபோனேன் என்பதை இந்த வயதிலும் சரியாகச் சொல்ல வரவில்லை. ஊர் ஊராகப் போய் நான் சொன்னதெல்லாம் பொய். அந்த லாரிக்கு முன்னால் நான் நடந்தது பொய். அதைவிட, என்னை நடுவில் நிறுத்திக் கேட்டபோது, பதில் தெரிந்த ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது என் சொந்த அம்மா. அப்பா பாவம், என்னைப் போலவே ஏமாந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாட்சி நேரத்துக்குக் காத்திருந்தேன். வாழ்நாளில் நான் செய்த உண்மையான ஜெபம் அதுதான். வலிப்பு வரக் கூடாது என்று கேட்கவில்லை. வந்தால் வரட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிற வரை வாயைத் திறந்து வையும் என்று மட்டும் கேட்டேன். நெஞ்சில் கையை வைத்தேன். அவர் அங்கே இருந்தார். மாத்திரையும் இல்லாமல், கைதட்டலும் இல்லாமல் இருந்தார். இன்று வரை நான் தேவாலயம் போகிறேன் என்றால் அந்த ஒரு நிமிஷத்தால்தான். டாக்டரோடு சண்டை போடாத வேறு தேவாலயம், அது வேறு விஷயம்.

எழுந்து நின்றேன். "நான் பாவம் ஒண்ணும் பண்ணலீங்க. வளையல் திருடலீங்க. எங்கம்மா தினம் எனக்கு உருண்டைல மாத்திரை வெச்சுக் குடுத்தாங்க. பவானில அதைத் திங்காமப் போயிட்டேன், அதனால வந்துச்சுங்க" என்றேன். குரல் நடுங்கவே இல்லை.

தலைகள் எல்லாம் பெண்கள் வரிசைப் பக்கம் திரும்பின. அப்பா ஆண்கள் பக்கமிருந்து மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி. "இப்பிடிப் பண்ணிப்போட்டியே" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. போதகர் அவர் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னார்.

அம்மாவை ஒரு வருஷம் சுவரோரம் உட்கார வைத்தார்கள். திருவிருந்துத் தட்டு அவளைத் தாண்டிப் போகும். அப்பா முன்வரிசையில் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்வார். எனக்கு அதைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், திருப்தியாகத்தான் இருந்தது.

மாத்திரை நிற்கவில்லை. இனி ஒளிவுமறைவு வேண்டாம் என்று உள்ளங்கையில் வைத்து வெளிப்படையாகக் கொடுத்தாள். பிள்ளை மைனர், தாயின் விசுவாசக் குறைவு என்று சபையும் என்னை விட்டுவிட்டது. பதினாறு வயதில் டாக்டரே போதும் என்றார். அதற்கப்புறம் வலிப்பு வந்ததே இல்லை. ஆனால் அம்மா கையால் தந்த எதையும் பிட்டுப் பார்க்காமல் நான் தின்றதில்லை. இட்லியைப் பிட்டுப் பார்ப்பேன். கொழுக்கட்டையைப் பிட்டுப் பார்ப்பேன். என் கல்யாணத்தன்று அவள் ஊட்ட வந்த லட்டையும் வாங்கி உடைத்துப் பார்த்தேன். போட்டோக்காரர் சிரித்தார். அம்மாவும் சிரித்த மாதிரி இருந்தாள்.

அப்பாவோடு அப்படி இல்லை. அவர் சொன்னால் சொன்னதுதான். கல்லூரிக்கு சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். என் கஷ்டங்களையெல்லாம் அவரிடம்தான் சொன்னேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் போனபோது அடக்க ஆராதனையில் நான்தான் பேசினேன். வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்குத்தான் பேசத் தெரியுமே.

போன மாதம் நம் சபையின் நினைவு மலருக்கு அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். எழுதினேன். அம்மா இப்போது பீளமேட்டில் என்னோடுதான் இருக்கிறாள். எண்பத்தாறு வயது, கண் மங்கல், காது நன்றாகவே கேட்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கையலம்பாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு எழுதியதைப் படித்துக் காட்டினேன். மாத்திரை விஷயம் அந்த ஞாயிறு வரை அப்பாவுக்குத் தெரியாது, குழந்தை மாதிரி நம்பினார் என்ற வரி வந்தது.

"தெரியாமயா?" என்றாள் அம்மா. "மாசம் பொறந்தா மில் ஆஸ்பத்திரில வரிசைல நின்னு வாங்கியாந்ததே அவருதானே. டிபன் கேரியருக்கு அடியில வெச்சுக் கொண்டாருவாரு. உருண்டைல வெச்சுக் குடுன்னு ரோசனை சொன்னதும் அவருதான்."

ரேஷனில் பருப்பு வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். காகிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மேடையில் உயர்ந்து நின்றவர், உருண்டை தின்னயா என்று காதில் கேட்டுவிட்டு நூறு பேருக்கு முன்னால் என்ன தப்புப் பண்ணினே என்று கேட்டவர், ஆண்கள் பக்கமிருந்து திரும்பி அப்படிப் பார்த்தவர், எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறார். கண்ணில் தண்ணீர் வேறு.

"நான் அன்னிக்கே கேட்டேனேம்மா, அப்பாவுக்குத் தெரியுமான்னு. தெரியாதுன்னியே?"

"என்ற கையத்தான் தட்டி உட்டுட்டே. அவரையாச்சும் நம்பிட்டு இருக்கட்டும்னு சொன்னேன். புள்ளைக்கு ஒரு ஆளாச்சும் வேணுமல்லோ?"

"ஒரு வருஷம் உன்னைச் சுவரோரம் உக்கார வெச்சாங்க. அவர் ஒரு வார்த்தை பேசலையே!"

"பேசியிருந்தா அவருக்கு அங்க மருவாதி போயிருக்கும். மில்லுல ஆரு அவரை மதிச்சா? அங்கதான் நாலு பேரு மதிச்சாங்க. போச்சாது உடு."

என்னால் விட முடியவில்லை. ஐம்பது வருஷமாக நான் பிட்டுப் பார்த்ததெல்லாம் தப்பான கையிலிருந்து வந்ததை. அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த வெட்கம் பெரிதாக இருந்தது. "விட மாட்டேன். இந்த ஞாயித்துக்கிழமை அதே சபைக்குப் போறேன். சாட்சி நேரத்துல எந்திரிச்சு நின்னு, மாத்திரை வாங்கினது யாரு, பழியைச் சுமந்தது யாருன்னு எல்லார்த்துக்கும் முன்னால சொல்லிர்றேன்" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். மங்கின கண்ணால் என் முகம் இருக்கிற பக்கமாகப் பார்த்தாள்.

"வேண்டாங்கண்ணு. நீ ஒருக்கா எந்திரிச்சுச் சொன்னதே போதும்" என்றாள்.